பதிவேடு இல்லாமல் முகவர்கள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு திட்டத்தில் சில ஆயிரம் மென்பொருள் முகவர்கள் இயங்கப்போகின்றன. ஒன்று ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும், ஒன்று மொழிபெயர்க்கும், ஒன்று ரசீதைச் சரிபார்க்கும். எந்தச் சேவை எங்கே கிடைக்கும் என்று எழுதிவைக்கும் மையப் பதிவேட்டை யார் கையில் கொடுப்பது என்பதில் உங்களுக்குள் உடன்பாடு இல்லை. பதிவேடே இல்லாமல் இவை ஒன்றையொன்று தேடிக்கொள்ள முடியுமா, ‘நெட்வொர்க் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்’ என்கிறார்களே, அது உண்மையில் எப்படி நடக்கிறது, எதை நம்பி இறங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டை எடுத்துவிட்டால் அதில் இருந்த அறிவு காணாமல் போவதில்லை. ஒவ்வொரு முகவரும் தன்னிடம் வைத்திருக்கும் சின்ன அண்டைப் பட்டியலுக்குள் அது குடிபெயர்கிறது. யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் இனி உங்கள் பதிவேடு. அந்தப் பழக்கங்கள் சரியான அளவில் அமைந்தால் லட்சம் பேருக்கு நடுவிலும் பத்திருபது கை மாறுவதற்குள் தேடியது கிடைக்கும். தப்பாக அமைந்தால் நூறு பேருக்குள்ளேயே தொலைந்துபோகும்.

மையப் பதிவேடு மோசமான யோசனை என்று நான் சொல்லவில்லை. அது எந்த இடத்தில் தோற்கிறது என்று தெரிந்துகொள்ள யுடிடிஐ என்ற பொதுப் பதிவேட்டின் கதை போதும். 2000-ஆம் ஆண்டில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா ஆகிய நிறுவனங்கள் இதை அறிவித்தன. உலகில் உள்ள இணையச் சேவைகளை டெலிபோன் டைரக்டரிபோல ஒரே இடத்தில் பதிந்துவைப்பது நோக்கம். வெள்ளைப் பக்கம், மஞ்சள் பக்கம், பச்சைப் பக்கம் என்று பெயர்கூட அப்படித்தான் வைத்தார்கள். பெரிய பெரிய நிறுவனங்கள் முட்டுக்கொடுத்தும் அந்தப் பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. என் கணிப்பில் அதன் அடிப்படைக் கோளாறு ஒன்றுதான். பதிவது ஒரு நிமிட வேலை. பதிந்ததைத் திரும்பி வந்து திருத்தவோ நீக்கவோ யாருக்கும் அவசரம் இல்லை.

முகவர்களுக்கான பழைய தரநிர்ணயமும் இதே அச்சில் வார்த்ததுதான். 1996-இல் தொடங்கிய ஃபிப்பா அமைப்பு, ஒவ்வொரு முகவர் தளத்திலும் மஞ்சள் பக்கம்போல ஒரு தனி முகவர் இருக்கும் என்று வரையறுத்தது. 2025 ஏப்ரலில் கூகுள் அறிமுகப்படுத்திய ஏ2ஏ நெறிமுறையில் ஒவ்வொரு முகவரும் தன் திறமைகளை ஒரு ‘முகவர் அட்டை’யில் எழுதித் தன் இணைய முகவரியிலேயே தெரிந்த ஓர் இடத்தில் வைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முகவரி தெரிந்தபிறகுதான் அட்டையைப் படிக்க முடியும். முகவரியை எங்கே கேட்பது என்ற உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது.

பதிவேட்டைத் தூக்கிப்போட்டதும் முதலில் யாருக்கும் தோன்றும் வழி, எல்லோரிடமும் கேட்பது. அதை உலகம் செய்து பார்த்தது. 1999-இல் வந்த நாப்ஸ்டரில் பாட்டுக் கோப்புகள் மக்களின் கணினிகளில் இருந்தன. யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. நீதிமன்றம் அந்த ஒரு கழுத்தைப் பிடித்ததும் 2001 ஜூலையில் சேவை நின்றது. இதற்கு நடுவே, 2000 மார்ச்சில் ஜஸ்டின் ஃப்ராங்கலும் டாம் பெப்பரும் நுடெல்லாவை வெளியிட்டிருந்தார்கள். அதில் நடுநாயகம் யாரும் இல்லை. ஒரு கணினி தன் அண்டைக் கணினிகளிடம் கேட்கும், அவை தங்கள் அண்டையிடம் கேட்கும், ஏழு கை மாறியதும் கேள்வி நின்றுவிடும்.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு அண்டைகள். முதல் கையில் 4 செய்திகள். அந்த நால்வரும் கேட்டவரை விட்டுவிட்டு மற்ற மூவரிடம் கேட்கிறார்கள்: 12. பிறகு 36, 108, 324, 972, 2916. ஏழு கைகளையும் கூட்டினால் 4372. ஒரே ஒரு தேடலுக்கு, பதில்களை விட்டுவிட்டு, இத்தனை செய்திகள். 2000 ஜூலையில் நாப்ஸ்டருக்கு எதிராக நீதிமன்ற உத்தரவு வந்ததும் மக்கள் கூட்டம் கூட்டமாக நுடெல்லாவுக்கு வந்தார்கள். டயல்-அப் மோடம் வைத்திருந்த கணினிகள் ஊரார் கேள்விகளைக் கடத்துவதிலேயே மூச்சுத் திணறின. உங்கள் திட்டத்தில் இன்று நூறு முகவர்கள்தான் என்றால் வெள்ளமாகக் கேட்கும் இந்த முறை அழகாக வேலைசெய்யும். அதனால்தான் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். சோதனையில் தேறிவிட்டு, ஆயிரத்தைத் தாண்டும்போது குப்புற விழும்.

எல்லோரிடமும் கேட்காமல், ஒவ்வொரு கையிலும் ஒரே ஒருவரிடம், சரியான ஒருவரிடம் கேட்க முடியுமா? இதற்கான விடை கணினித் துறைக்கு வெளியே தொடங்குகிறது. அறுபதுகளில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலும் உள்ள சிலரிடம் ஒரு கடிதக் கட்டைக் கொடுத்து, பாஸ்டனில் வேலை பார்க்கும் ஒரு பங்குத் தரகரிடம் சேர்க்கச் சொன்னார். நேரடியாக அனுப்பக் கூடாது. பெயர் சொல்லி அழைக்கும் பழக்கமுள்ள ஒருவரிடம் மட்டுமே கொடுக்கலாம், அவர் இன்னொருவரிடம், இப்படி. ஜெஃப்ரி டிராவர்ஸுடன் சேர்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரைப்படி 296 பேரிடம் கொடுத்ததில் 64 கட்டுகள் போய்ச் சேர்ந்தன. சேர்ந்தவை சராசரியாக ஐந்து பேர் கை மாறின.

அந்த ‘ஐந்து’ உலகப் புகழ் பெற்றுவிட்டது. நான் உங்களிடம் காட்ட நினைப்பது மற்ற இரண்டை. ஒன்று, 232 கட்டுகள் போய்ச் சேரவில்லை. வழி இல்லாததால் அல்ல, கையில் வாங்கியவர் அடுத்தவருக்குத் தராமல் விட்டதால். உங்கள் முகவர்களும் இதைச் செய்யும். இரண்டு, வந்துசேர்ந்த 64-இல் 16 கட்டுகள் தரகரின் ஊரில் இருந்த ஒரே துணி வியாபாரி வழியாக வந்தன. எந்த நெட்வொர்க்கிலும் இப்படி ஒரு துணி வியாபாரி உருவாகிவிடுவார். அவர் படுத்துவிட்டால் ஊர் படுத்துவிடும்.

கணினி அறிஞர் ஜான் கிளைன்பெர்க் 2000-ஆம் ஆண்டில் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. குறுக்குவழி இருக்கிறது என்பதை விடுங்கள், தன் அண்டையை மட்டுமே தெரிந்த ஒருவருக்கு அது எப்படிக் கண்ணில் படுகிறது? ஒரு பெரிய கட்டக் காகிதத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள் என்று வைத்துக் கணக்குப் போட்டார். பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்த்து, ஒவ்வொருவருக்கும் தொலைவில் ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே அமைந்தால் கடிதம் ஊர்ந்து ஊர்ந்து போகிறது. எங்கு வேண்டுமானாலும் கண்மூடித்தனமாக அமைந்தால் குறுக்குவழிகள் ஏராளம், ஆனால் எது இலக்கை நோக்கிப் போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு விகிதத்தில் தேடல் சட்டென்று வேகம் பிடிக்கிறது. இருபரிமாணக் கட்டத்தில் அது, பழக்கம் அமையும் வாய்ப்பு தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைவது.

கணிதத்தை ஒதுக்கிவிட்டுச் சொன்னால் அதன் பொருள் மிக எளியது. தெருவில் எத்தனை பேரைத் தெரியுமோ, ஏறத்தாழ அத்தனை பேரைத் தெருவைத் தாண்டி ஊரில் தெரிந்திருக்க வேண்டும். அதே எண்ணிக்கை மாவட்டத்தில், அதே எண்ணிக்கை மாநிலத்தில், அதே எண்ணிக்கை நாட்டில். ஒவ்வொரு தொலைவு வட்டத்திலும் சரிசமமாகப் பழக்கம். அப்போது கேள்வி எங்கிருந்து கிளம்பினாலும் அடுத்த சிறிய வட்டத்துக்குள் கொண்டுபோய்விட யாராவது ஒருவர் இருப்பார். நான் இந்தத் துறையில் கற்றவற்றில் எதையாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

வியப்பு என்னவென்றால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்த நல்ல ஏற்பாடுகளில் பலவும் இதே வடிவத்தைத்தான் கொண்டிருந்தன. 2001-இல் எம்ஐடியிலிருந்து கார்ட் என்ற தேடல் முறை வந்தது; அதை உருவாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். 2002-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மைமுன்கோவும் டேவிட் மசியேரும் கதெம்லியாவை வெளியிட்டார்கள். கோப்புகளைப் பகிரும் பிட்டோரண்ட் 2005 முதல் சர்வர் இல்லாமலே ஆட்களைக் கண்டுபிடிப்பது கதெம்லியா முறையில்தான். ஐபிஎஃப்எஸ் என்ற கோப்பு நெட்வொர்க், எதீரியம் என்ற பிளாக்செயின் ஆகியவற்றின் அடியிலும் அதன் வடிவம் இருக்கிறது.

கதெம்லியாவை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு கணினிக்கும் 160 பிட் நீளத்தில், அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 160 கொண்டு, ஓர் எண். தேடும் பொருளின் பெயரை ஹாஷ் செய்தால், அதாவது எழுத்துகளைக் கலக்கி எண்ணாக்கும் ஒரு கணக்குக்குள் போட்டால், அதுவும் அதே நீளத்தில் ஓர் எண். இரண்டு எண்களுக்கு இடையே தொலைவு என்பது அவற்றின் எக்ஸார். பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்துப்போகும் இடத்தில் 0. நான்கு பிட்டில் செய்து பார்க்கலாம். என் எண் 0110. நான் தேடுவது 1101. எக்ஸார் 1011, அதாவது தொலைவு 11. என் பட்டியலில் 1-இல் தொடங்கும் ஒருவர் இருக்கிறார்: 1010. அவரிடம் கேட்கிறேன், அவருக்கும் இலக்குக்கும் தொலைவு 0111, அதாவது 7. அவருக்கு 11-இல் தொடங்கும் 1111-ஐத் தெரியும், தொலைவு 2. அவருக்கு 1100-ஐத் தெரியும், தொலைவு 1. அவர் பக்கத்து வீட்டுக்காரர், 1101-ஐக் கையைப் பிடித்துக் காட்டிவிடுவார். ஒவ்வொரு கையிலும் இடப்பக்கத்திலிருந்து குறைந்தது ஓர் இலக்கம் பொருந்திக்கொண்டே வருகிறது. தபால்காரர்கள் பின்கோடு படிப்பதும் இப்படித்தான்: முதல் இலக்கத்தில் மண்டலம், பிறகு அதற்குள் பகுதி, கடைசி மூன்றில் தபால் நிலையம்.

இப்போது அந்த அண்டைப் பட்டியலைக் கவனியுங்கள். முதல் பிட் வேறுபடுவோருக்கு ஒரு கூடை, முதல் பிட் ஒத்து இரண்டாவது வேறுபடுவோருக்கு ஒரு கூடை என்று வரிசையாகப் போகிறது. மூலக் கட்டுரையில் கூடைக்கு அதிகபட்சம் 20 பேர், பிட்டோரண்டில் 8. முதல் கூடை உலகத்தில் பாதி, இரண்டாவது கால், மூன்றாவது அரைக்கால். நெடுந்தொலைவிலும் 8 பேர், பக்கத்திலும் 8 பேர். கிளைன்பெர்க் சொன்ன சரிசமம் இதுவேதான். பத்து லட்சம் பேர் இருந்தாலும் சுமார் 20 கைகள் போதும், ஏனென்றால் 2-ஐ இருபது முறை பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வது எங்கே என்று கேட்டீர்கள். இங்கேதான். எக்ஸார் தொலைவு இருபுறமும் ஒன்று: உங்களிடமிருந்து எனக்கு எவ்வளவோ, என்னிடமிருந்து உங்களுக்கும் அவ்வளவே. ஆகவே என்னிடம் கேள்வி கேட்டு வருபவர் யாரோ, அவரே என் பட்டியலுக்கும் பொருத்தமான ஆள். ஒவ்வொரு கேள்வியும் பதிலும் வரும்போது அனுப்பியவரின் முகவரியைச் சரியான கூடையில் போட்டுக்கொள்கிறேன். பராமரிப்பு தனி வேலையாக இல்லாமல் அன்றாட வேலையோடு சேர்ந்தே நடந்துவிடுகிறது. கூடை நிரம்பிவிட்டால் புதியவரைச் சேர்க்கப் பழையவரைத் தள்ளுவதில்லை. நெடுநாளாகக் குரல் வராதவரைத் தட்டிப் பார்க்கிறேன். அவர் பதில் சொன்னால் அவரே இருக்கட்டும், புதியவர் போகட்டும். காரணம் நுடெல்லாவை அளந்து பார்த்துக் கிடைத்தது. ஒரு கணினி எவ்வளவு நேரமாக இருக்கிறதோ, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடுதல். ஊரில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர் நாளைக்கும் இருப்பார் என்று நம்புவதைப் போல.

இத்தனை அழகும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: தேடும் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். ‘மொழிபெயர்ப்பு’ என்று ஒரு முகவர் பதிந்திருக்க, நீங்கள் ‘மொழியாக்கம்’ என்று தேடினால் ஹாஷ் உங்களை உலகத்தின் வேறு கோடிக்கு அனுப்பிவிடும். ஹாஷின் வேலையே ஒத்தவற்றைச் சிதறடிப்பது. முகவர்கள் தேடுவதோ பெரும்பாலும் பெயரை அல்ல, திறமையை. “பழைய கையெழுத்துத் தமிழைப் படிக்கத் தெரிந்த யாராவது” என்பதற்கு ஹாஷ் கிடையாது. உங்கள் திட்டத்தில் நீங்கள் உட்கார்ந்து யோசிக்கவேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு முகவர் ஆராய்ச்சியாளர்கள் பிடித்த வழி, இனம் இனத்தோடு சேரும் என்பது. முகவர்கள் தங்களைப் போன்ற வேலை செய்பவர்களோடு அதிகமாக இணைந்துகொள்ளட்டும், சில இணைப்புகள் மட்டும் வேற்றுத் துறைக்குப் போகட்டும். தொலைவு என்பது இனி எண்களின் எக்ஸார் அல்ல, இரண்டு சேவைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. கேள்வி வரும்போது, என் அண்டைகளில் கேட்கப்பட்ட சேவைக்கு யார் நெருக்கமோ அவரிடம் கொடுப்பேன். இருவர் சமம் என்றால் அதிக ஆட்களைத் தெரிந்தவரிடம் கொடுப்பேன். 2005-இல் சிம்செக்கும் ஜென்சனும் ஒற்றுமை, பழக்கத்தின் அளவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தேடல் எவ்வளவு மேம்படுகிறது என்று காட்டினார்கள். ஸ்பெயினில் வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு இதையே சேவைகளைத் தேடும் முகவர்களுக்கென்று விரித்து எழுதியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ரசீது சரிபார்க்கும் முகவருக்குப் பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்க ஆள் வேண்டும். அதன் அண்டைகளில் ஐந்து பேர் கணக்குத் துறை, ஒன்று அச்சிட்ட ரசீதுகளை எழுத்தாக்குவது. கேள்வி அதனிடம் போகிறது. அச்செழுத்து முகவரின் கூட்டாளிகள் பெரும்பாலும் எழுத்தாக்கும் கூட்டம். அவற்றில் ஒன்று இந்திய மொழிகளுக்கானது. அதனிடம் போகிறது. அங்கே தமிழ் தெரிந்தவை மூன்று. ஒன்று ஓலைச்சுவடிப் படங்களைப் படிப்பது. மூன்றாவது கையில் கேள்வி வீடு வந்து சேர்ந்தது. எவருக்கும் முழு வரைபடம் தெரியாது. கணக்குத் துறைக்கு வெளியே அந்த ஒரே ஓர் இணைப்பு இல்லாமல் இருந்திருந்தால் கேள்வி அந்த ஐந்து பேருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் எச்சரிக்கை: இனம் இனத்தோடு மட்டும் சேரவிட்டால் நெட்வொர்க் தீவு தீவாகப் பிரிந்துவிடும். இதற்கு நான் பரிந்துரைப்பது இரண்டடுக்கு ஏற்பாடு. கீழடுக்கில் ஒவ்வொரு முகவரும் கண்மூடித்தனமாகத் தேர்ந்த சில முகவரிகளை வைத்துக்கொண்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை ஏதோ ஓர் அண்டையோடு பட்டியலில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்ளும், சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல. 2005-இல் வந்த சைக்ளான் இந்த வகை. இந்த அடுக்கின் ஒரே கடமை ஊர் இரண்டாகப் பிரியாமல் பார்த்துக்கொள்வது. மேலடுக்கில், கிடைக்கும் முகவரிகளிலிருந்து தனக்கு ஒத்தவற்றைப் பொறுக்கி வைத்துக்கொள்வது. இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகத்தில் மார்க் யெலாசிட்டியும் ஓஸால்ப் பாபாவோலுவும் உருவாக்கிய டி-மேன் இப்படிச் செய்கிறது: இருவர் சந்தித்துப் பட்டியல்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள், ஒவ்வொருவரும் தனக்கு நெருங்கியவற்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுகிறார்கள். கலைந்து கிடந்த கணினிகள் சில பத்துச் சுற்றுகளுக்குள் வளையமாகவோ வலைக்கட்டமாகவோ அமைந்துவிடுவதைத் திரையில் முதல்முறை பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். யாரும் கட்டளையிடவில்லை. ‘உனக்கு நெருங்கியதை வைத்துக்கொள்’ என்ற ஒரே விதி.

சேவைகள் எவ்வளவு ஒத்தவை என்று அளப்பதற்குச் சொற்களை எண் வரிசைகளாக மாற்றி ஒப்பிடுவது இன்று எளிது. அதை மட்டுமே நம்பிவிடாதீர்கள். கடைசிப் பொருத்தத்தில் என்ன கொடுத்தால் என்ன திரும்ப வரும் என்பதைக் கறாராகப் பார்க்க வேண்டும். படம் கேட்கும் சேவைக்கு ஒலிக்கோப்பைக் கொடுத்து நிற்கக் கூடாது.

அடுத்தது, மேலே யுடிடிஐயைக் கொன்றது என்று நான் சொன்ன நோய்: செத்துப்போன முகவரிகள். இதற்கு மருந்து குத்தகை. எந்தப் பதிவும் நிரந்தரம் அல்ல. காலம் முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் தானாக உதிர்ந்துவிடும். உங்கள் அலுவலகத்துப் பிரின்டர் இதை ஒவ்வொரு நாளும் செய்கிறது. ஸ்டூவர்ட் செஷயர் ஆப்பிளில் உருவாக்கி, 2013-இல் இணையத் தரமாக வெளியான முறையில், புதிதாகச் செருகிய பிரின்டர் முதலில் கால் நொடி இடைவெளியில் மூன்று முறை “இந்தப் பெயரில் யாராவது இருக்கிறீர்களா?” என்று அந்த அறையின் நெட்வொர்க் முழுவதையும் கேட்கும். பதில் இல்லையென்றால் “இனி இது நான்” என்று ஒரு நொடி இடைவெளியில் இரண்டு முறையாவது அறிவிக்கும். இருந்தால் பெயருக்குப் பின்னால் 2 போட்டுக்கொள்ளும். கணினி முகவரிக்குக் குத்தகை 120 நொடி, மற்றப் பெரும்பாலானவற்றுக்கு 75 நிமிடம். முறையாக அணைத்தால் ‘என் குத்தகை பூஜ்யம்’ என்று சொல்லிவிட்டுப் போகும். தேடுபவரும் தனக்கு ஏற்கெனவே தெரிந்த பதில்களைக் கேள்வியோடு சேர்த்தே சொல்வார். அந்தப் பிரின்டர்கள் வாய் திறக்கத் தேவையில்லை.

இப்படி அண்டைக்கு அண்டை சேதியைக் கடத்திப் பரப்புவதைக் கிசுகிசு முறை என்பார்கள். நான் முதன்முதலில் அந்த முறையில் ஒரு பட்டியல் பரப்பும் நிரலை எழுதியபோது, நீக்கிய முகவர்கள் திரும்பத் திரும்ப உயிர்பெற்று வந்தன. மூன்று நாள் தேடினேன். காரணம் எளிது. நான் அழித்துவிட்டேன், என் அண்டைக்கு அந்தச் சேதி போகவில்லை, அவன் “உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள்” என்று அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுகிறான். இந்தச் சிக்கலை 1987-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தினர் தங்கள் பெயர்ப் பதிவேட்டில் சந்தித்து, தீர்வுக்கு ‘இறப்புச் சான்றிதழ்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அழிப்பது என்றால் வெறுமனே நீக்குவதல்ல. இன்னது இன்ன நேரத்தில் இறந்தது என்ற குறிப்பையும் பரப்ப வேண்டும். அவர்களின் கட்டுரை தொற்றுநோய் பரவும் கணக்கை வைத்தே எழுதப்பட்டது: ஒவ்வொரு சுற்றிலும் சேதி தெரிந்தவர் எண்ணிக்கை தொடக்கத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆயிரம் முகவர்களுக்கும் சேதி போய்ச் சேர இருபது சுற்றே போதும்.

ஒரு முகவர் பதில் சொல்லவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று உடனே பறைசாற்றக் கூடாது. 2002-இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸ்விம் முறையைப் பின்பற்றுங்கள். நான் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், வேறு சிலரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அவர்களுக்கும் பதில் இல்லையென்றால் ‘சந்தேகம்’ என்று குறிக்கிறேன். குறிப்பிட்ட நேரத்துக்குள் அந்த முகவரே ‘நான் இருக்கிறேன்’ என்று மறுக்கலாம். அதற்குப் பிறகே சான்றிதழ்.

கிசுகிசுவின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2008 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை காலை அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை நின்றுபோனது. பிறகு அவர்களே வெளியிட்ட விளக்கம் இந்தத் துறையில் யாரும் படிக்கவேண்டிய ஒன்று. சர்வர்கள் ஒன்றின் நிலையை ஒன்றுக்குக் கிசுகிசுவாகச் சொல்லிவந்தன. சில செய்திகளில் ஒரே ஒரு பிட் கெட்டுவிட்டது. செய்தி படிக்கும்படியே இருந்தது, சொன்ன விஷயம்தான் தப்பு. அந்தத் தப்பு ஊர் முழுக்கப் பரவி, பல சர்வர்கள் தங்கள் நேரத்தை ஏறத்தாழ முழுவதும் கிசுகிசுப்பதிலேயே செலவிட்டன. வாடிக்கையாளர் கோப்புகளுக்கெல்லாம் சரிபார்ப்புத் தொகை, அதாவது உள்ளடக்கம் கெட்டதா என்று காட்டிக்கொடுக்கும் ஓர் எண், இருந்தது. இந்த உள் செய்திகளுக்கு மட்டும் இல்லை. கடைசியில் சர்வர்களுக்கு இடையிலான பேச்சையே முழுக்க நிறுத்தி, நினைவைத் துடைத்து, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நல்ல சேதி எந்த வேகத்தில் பரவுகிறதோ அதே வேகத்தில் கெட்ட சேதியும் பரவும். ஒவ்வொரு செய்திக்கும் சரிபார்ப்புத் தொகையும் கையொப்பமும் வையுங்கள். முழு ஊரையும் ஒரே நேரத்தில் வாயடைத்துத் துடைக்கும் பொத்தான் ஒன்றையும் முதல் நாளே கட்டிவையுங்கள்.

கையொப்பம் என்றதும் நம்பிக்கைக் கேள்வி வருகிறது. 2002-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் டௌசர் எழுதியது இன்றும் செல்லும்: அடையாளத்துக்கு உத்தரவாதம் தரும் மையம் எதுவும் இல்லாத நெட்வொர்க்கில் ஒருவர் ஆயிரம் முகமூடி போட்டுக்கொண்டு நுழைவதை, நடைமுறையில், தடுக்க முடியாது. அந்த ஆயிரமும் உங்கள் முகவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் அது கேட்பதெல்லாம் அவர் சொல்வதுதான். பழையவரை முன்னிறுத்தும் கதெம்லியாவின் பழக்கம் இதை ஓரளவு தடுக்கிறது, முழுதாக அல்ல. உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் முகம் தெரியாத கூட்டம் அல்ல, பெயர் தெரிந்த சில நிறுவனங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் முகவர்களுக்குச் சான்றிதழ் வழங்கட்டும். தேடலைப் பரவலாக்குங்கள், அடையாளத்தைப் பரவலாக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஒன்றாகக் கட்டி இழுத்தால் இரண்டும் கெடும்.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் எல்லா முகவர்களையும் சமமாக வைக்க மாட்டேன். நிறுவனத்துக்குள் சண்டை இல்லையே, அங்கே மூன்று அல்லது ஐந்து கணினிகளில் பிரதி வைத்த சாதாரணப் பதிவேடு போதும். நுடெல்லாவும் பின்னாளில் வலுவான கணினிகளை மட்டும் நடுவில் நிறுத்தி, மற்றவற்றை அவற்றின் நிழலில் வைத்துத்தான் பிழைத்தது. நிறுவனங்களுக்கு இடையே இந்தப் பதிவேடுகள் இரண்டடுக்குக் கிசுகிசுவில் பேசட்டும்: கீழே கலைப்பு, மேலே ஒற்றுமை. சரியான பெயர் தெரிந்த தேடலுக்கு மட்டும் கதெம்லியா வகை அட்டவணை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு கேள்வியையும் ஒரே வழியில் அனுப்பாமல் மூன்று வழிகளில் சேர்த்து அனுப்புங்கள். மில்கிராமின் 232 கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகவருக்கு அண்டைகள் இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் வையுங்கள், துணி வியாபாரி உருவாகாமல் இருக்க.

நிரலை எழுதத் தொடங்கும்போதே செய்யவேண்டிய சோதனைகள் இரண்டு. ஆயிரம் போலி முகவர்களை ஒரே கணினியில் ஓட்டி, மூன்றில் ஒரு பங்கை ஒரே நொடியில் கொன்றுவிட்டு, தேடல்களில் எத்தனை போய்ச் சேர்ந்தன, எத்தனை கை மாறின, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை சுற்று ஆயின என்று எழுதிவையுங்கள். இரண்டாவது சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நெட்வொர்க்கைச் சரிபாதியாக வெட்டி ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி ஒட்டுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பாதிகளும் மற்றப் பாதிக்கு இறப்புச் சான்றிதழ் எழுதி, பட்டியலிலிருந்து துடைத்திருக்கும். கேபிள் திரும்ப இணைந்தாலும் ஒருவருக்கும் மறுபக்கத்தில் ஒருவரையும் தெரியாது. இரண்டு ஊர்களும் நலமாக, தனித்தனியாக வாழ்ந்துகொண்டிருக்கும். அதற்காக, நுழைவு முகவரிகளாக நிறுவனத்துக்கு இரண்டைக் குறித்துவைத்து, அவை இறந்துவிட்டதாகச் சான்றிதழ் வந்திருந்தாலும் ஒவ்வொரு முகவரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றைத் தட்டிப் பார்க்கும்படி எழுதிவிடுங்கள்.